குதிகால் முள்ளும் பால் தேத்தண்ணியும்

"காலு இப்ப எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கால் நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைமடுவத்துக்கு ஏறும் படிகளை இடுப்பில் ஒரு குழந்தையோடு மூச்சு வாங்காமல் ஏறுகிறேன். என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதை ஒருத்திதான் கேட்பாள். அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் குதிகாலில் தொடங்காமல் அவளிடம் போய்ச் சேர முடியாது.

டிக்கோயாவுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் நான் பிள்ளைமடுவத்து ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து மலை ஏறுவதற்கு முன் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நடுவில் அழுகை, மூத்திரத்துணி, தொட்டில், சோறு எல்லாம் என் பாடு. இருபது வருஷத்துக்கு மேலாக இதே வேலை. நான் தூக்கி வளர்த்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து காலை ஊன்றினேன். வலது குதிகாலில் ஊசி ஏறியதைப் போல வலி உச்சி வரை போயிற்று. தேயிலை மிலாறுக் குச்சி குத்தி உள்ளே முறிந்திருக்கும் என்று நினைத்தேன். விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊக்கால் தோண்டித் தோண்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு குப்பித் தைலமும் மாத்திரையும் கொடுத்தார்கள். கொஞ்ச தூரம் நடந்தால் வலி குறையும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடி புதிதாகப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருந்தவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. என்னைவிட இரண்டு வயது இளையவள். கொழுந்து பறிப்பதில் எங்கள் மலையில் அவள் கைக்கு ஈடு கிடையாது, வாய்க்கும் கிடையாது. செங்கல்லைச் சுட்டு, மேலே எருக்கிலையைப் பரப்பி மிதித்தால் குதிகால் வலி போகும் என்றாள். எங்கள் குளிருக்கு எருக்கு எங்கே முளைக்கும்? கண்டிப் பக்கத்திலிருந்து திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு பை நிறைய வரவழைத்தாள். பத்து நாள் மிதித்தேன். வலி போகவில்லை. பாதம் வெந்ததுதான் மிச்சம்.

"ஒங்க காலுக்கு எருக்கு பத்தாது மதினி. ஒங்க கொணத்துக்கு எருக்கங்காடே வேணும்" என்றாள்.

எங்களுக்குள் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

வலியை நான் தாங்கிக்கொண்டிருப்பேன். பிள்ளைகள்தான் காட்டிக்கொடுத்தார்கள். நான் வலது குதிகாலைத் தரையில் படவிடாமல் நுனிக்காலில் நடப்பதைப் பார்த்து, நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக அதே மாதிரி நடக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. அதில் ஒரு பெண் குழந்தை அப்போதுதான் சுவரைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தது. அது நடையையே அப்படிப் பழகிவிட்டது. வீட்டிலும் வலது காலை நுனியில் வைத்து நொண்டி நொண்டி நடந்திருக்கிறது. தாய் பயந்துபோய் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். காலில் ஒன்றும் இல்லை என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மடுவத்துக்கு வந்து, "ஆயாம்மா, எம்புள்ள ஒங்கள மாதிரியே நடக்குது" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அவள் போன பிறகு அழுதேன்.

அந்தச் சிரிப்பு தோட்டத்து ஆபிஸ் வரைக்கும் போயிற்று. பிள்ளைமடுவங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர் வந்தார். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசமாட்டார்.

"படியில புள்ளயத் தூக்கிக்கிட்டு வுழுந்தா யாரும்மா பதில் சொல்றது? சித்திர வருசப் பொறப்புக்குள்ள காலச் சரி பண்ணிக்கிட்டு வாங்க. இல்லாட்டி வேற ஆளத்தான் போடணும்."

மெதுவாகச் சொன்னாலும் சொன்னது அதுதான். பிள்ளைகள் இல்லாத பகல் எப்படி இருக்கும் என்று எனக்கு யோசிக்கவே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். எனக்குப் பிறந்ததும் தங்கவில்லை. அந்த மடுவத்துச் சத்தம்தான் எனக்கு வீடு.

பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனோம். போனோம் என்றால் நானும் நாத்தனாரும். கால் வலிக்காரர்களை வரிசையில் நிற்க வைத்துத்தான் நம்பர் கொடுப்பார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, எனக்காக அவள் நிற்பாள். முறை நெருங்கும்போது, "மதினீ!" என்று மலையில் கூப்பிடுகிற குரலில் ஒரு கூப்பாடு போடுவாள். மொத்த ஆஸ்பத்திரியும் திரும்பிப் பார்க்கும்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். சிங்களவர், எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். குதி எலும்பின் அடியிலிருந்து ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருந்தது. சேவல் காலில் பின்னால் இருக்குமே, அது மாதிரி.

"வெளியே இருந்து வந்த முள்ளு இல்ல அம்மா. உங்க எலும்புதான் வளர்ந்து முள்ளு ஆகியிருக்கு."

இரண்டு தடவை குதிகாலிலேயே ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்டால் ஒரு மாதம் சுகம், பிறகு பழைய கதை. கடைசியில் வெட்டி எடுப்பதென்று முடிவு செய்து, ஐப்பசியில் ஒரு நாளைக் குறித்து கிளினிக் கொப்பியில் எழுதித் தந்தார்கள். அதிலிருந்து சித்திரைக்கு ஆறு மாதம் இருந்தது. காலும் ஆறும், வேலையும் நிலைக்கும் என்று நிம்மதியாக இருந்தேன்.

எங்கள் லயத்துக் காலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்த மறுநாளிலிருந்து முதலில் அடுப்பு மூட்டுவது அவள்தான். தேத்தண்ணி கொதித்ததும் சுவரில் தம்ளரால் மூன்று தட்டுத் தட்டுவாள். கதவைத் திறந்தால் படியில் ஆவி பறக்க, பால் போடாத வெறுந்தேத்தண்ணி இருக்கும். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிப்போம். முகம் கழுவுவதற்கும் முன்னால் அதுதான். அதைக் குடிப்பதென்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. ரொட்டி தின்றால்தான் சாப்பாடு. தேத்தண்ணி என்பது கண்ணைத் திறப்பதில் ஒரு பகுதி. அது இல்லாவிட்டால் பத்து மணிக்கெல்லாம் மண்டை இடிக்கத் தொடங்கிவிடும்.

ஆப்பரேஷனுக்கு முதல்நாள் வார்டில் சேர்ந்தேன். நர்ஸ் மிஸ் வந்து, இரவு பத்து மணிக்குப் பிறகு ஒன்றும் எடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னார். எனக்கும் தெளிவாகவே விளங்கிற்று. பயத்தில் எட்டு மணிக்கே வாயைக் கட்டிவிட்டேன். இரவு தாகம் எடுத்தபோது எழுந்து போய் வாயைக் கொப்பளித்துத் துப்பினேனே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விடவில்லை. அவ்வளவு ஒழுங்கு.

நாத்தனார் டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தாள். விடிந்து, சாப்பாடு கொண்டு வருகிறவர்களுக்கு வார்டைத் திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றாள். கையில் பிளாஸ்க்.

"ரொட்டி கொண்டாரல மதினி. திங்கக் கூடாதுன்னு சொன்னாங்கள்ள" என்றாள் பெருமையாக.

"அதான் நல்லது" என்றேன் நானும்.

பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றினாள். வெறுந்தேத்தண்ணி இல்லை. அன்றைக்கென்று பால்மா வாங்கி, தாராளமாகப் போட்டு, ஏலக்காயும் தட்டிப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மூடி குடித்தேன். "இன்னுங் கொஞ்சம் ஊத்து புள்ள" என்று கேட்டு வாங்கி இன்னொன்றும் குடித்தேன். நர்ஸ் மிஸ் வந்து, "அம்மா சாப்பாடு ஒன்றும் எடுக்கலதானே?" என்று கேட்டபோது சாமி சத்தியமாக, "ஒண்ணும் எடுக்கல மிஸ்" என்றேன். நாத்தனாரும் தலையை ஆட்டினாள். எங்கள் இரண்டு பேர் மனதிலும் கடுகளவு பொய் இல்லை.

பச்சைச் சட்டை போட்டு, தள்ளுகட்டிலில் படுக்க வைத்து, தியேட்டர் வாசல் வரை கொண்டுபோனார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து குனிந்தார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ராத்திரி முழுக்க ஒன்றுமே எடுக்கவில்லையா, பசிக்கவில்லையா என்று சிங்களத்தில் அன்பாகக் கேட்டார். அவரைச் சமாதானப்படுத்த வேண்டுமே என்று, "தே விதரய்" என்றேன். தேத்தண்ணி மட்டும்தான் என்று அர்த்தம்.

டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"வெறுந்தேத்தண்ணியா? பால் தேத்தண்ணியா?"

"பால்மா போட்டதுதான். நல்லாப் போட்டிருந்தா, ரெண்டு வாட்டி குடிச்சேன்" என்றேன். நாத்தனாரின் கைமணத்தை விட்டுக்கொடுக்கலாமா?

வெறுந்தேத்தண்ணி என்றால் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்திருக்கலாமாம். பால் போட்டால் அது சாப்பாடாம். வயிற்றில் அதை வைத்துக்கொண்டு ஊசி போட்டு, ஏதாவது ஆகி வாந்தி வந்தால் மூச்சுக்குழலுக்குள் போய்விடுமாம், உயிருக்கே ஆபத்தாம். டாக்டரம்மா கோபப்படாமல்தான் விளக்கினார். அன்றைய பட்டியலில் நான் முதல் ஆள். எனக்குப் பின்னால் நிறையப் பேர். என் கட்டிலைத் திருப்பி வார்டுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். அடுத்த நாள் மாசியில்தான் கிடைத்தது.

மாசி முடிந்தால் பங்குனி, பங்குனி முடிந்தால் சித்திரை. புண் ஆறுவதற்கு ஆறு வாரமாவது வேண்டும். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். நாள் மட்டுமட்டாகத்தான் இருந்தது.

பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவளைப் பார்த்து, வார்டே கேட்கும்படி கத்தினேன்.

"ஒங்கண்ணன்தான் போயிட்டாரு. நானும் போயித் தொலையணும்னுதான் பால ஊத்துனியா? என் வேலைய முழுங்கிட்டியேடி!"

அவள் வாயாடி. ஒன்றுக்கு ஒன்பது திருப்பிச் சொல்லக்கூடியவள். அன்றோ, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் கழுவினாள். கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் முன் சீட்டில், நான் பின் சீட்டில்.

மறுநாள் விடியற்காலையில் சுவரில் மூன்று தட்டுக் கேட்டது. நான் கதவைத் திறக்கவில்லை. வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால் படியில் தம்ளர் ஆறிக் கிடந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் சுவர் சும்மா இருந்தது. நானே அடுப்பு மூட்டி, நானே ஊற்றிக் குடித்தேன். அது வாய்க்கு விளங்கவில்லை.

ஆனால் பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கியதும் அவள் நேரே மடுவத்துக்கு வருவாள். மடுவத்தில் அவளுக்கு என்ன வேலை? அவளுடைய ஒரே மகள் பெரியவளாகி, கொழும்பில் கார்மெண்ட்ஸில் இருக்கிறாள். வருவாள், கனமான பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தொட்டிலில் போடுவாள், தண்ணீர்க் குடத்தை நிரப்பி வைப்பாள், போய்விடுவாள். என் முகத்தைப் பார்க்கமாட்டாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விழுந்துவிட்டேன் என்று ஆபிஸுக்குப் பேச்சுப் போகக் கூடாதென்று அவள் செய்த வேலை அது என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் "சாப்பிட்டியா புள்ள" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் அதைக் கோபமாக மாற்றி வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சுலபம். ஊற்றியது அவள்தான், குடித்தது நான் அல்லவா? இரண்டாவது மூடியைக் கேட்டு வாங்கியதும் நானேதான். எல்லாம் தெரிந்தும் நாலு மாதம் ஓட்டினேன்.

மாசியில் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல்நாள் சாயங்காலம், தம்ளரை எடுத்துச் சுவரில் மூன்று தட்டுத் தட்டினேன்.

"என்ன மதினி?" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. நாலு மாதம் பேசாதவள் மாதிரியே இல்லை.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போகணும் புள்ள."

"தெரியும். பையெல்லாம் கட்டி வச்சிட்டேன்."

எங்களுக்குள் ராசியானது அவ்வளவில்தான். மன்னிப்பு என்ற சொல் எங்கள் லயத்தில் புழக்கத்தில் கிடையாது.

வார்டில் என்னைக் கண்டதும் அதே நர்ஸ் மிஸ், "ஆ, தேத்தண்ணி அம்மா வந்தாச்சு!" என்றார். பக்கத்துக் கட்டிலில் உடப்புசல்லாவைப் பக்கத்து அம்மா ஒருவர், மழைத் தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்து கை முறிந்து வந்திருந்தார். அவரிடம் இரவே போய், "சாப்பாடு வேணாம், தண்ணி வேணாம், தேத்தண்ணியும் வேணாம்" என்று நர்ஸ் மிஸ் தனித்தனியாக விரல் விட்டுச் சொன்னார். அந்த மூன்றாவது விரல் என்னால் வந்தது. அவர், "ஐயையோ, தேத்தண்ணியுமா?" என்று வாயைப் பிளந்தார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

விடிந்ததும் நாத்தனார் வந்தாள். வெறுங்கை. இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு நின்றாள். உதடு காய்ந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீ குடிக்கலயா?"

"இல்ல."

"ஒனக்கா ஆப்பரேசன்? நீ ஏன் குடிக்கல?"

"நான் குடிச்சா ஒங்களுக்கும் ஊத்திருவேன் மதினி. கைப்பழக்கம்" என்றாள்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நடுவில் ஒரு துணித் திரை. அதற்கு அந்தப் பக்கம் டொக் டொக் என்று சத்தம் கேட்டது, அம்மி கொத்துகிற மாதிரி. என் எலும்பைத்தான் கொத்துகிறார்கள் என்று தெரிந்தது, வலிக்கவில்லை. நான் அந்தக் காய்ந்த உதட்டையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கண்ணீர் காதுக்குள் போயிற்று. பயப்படுகிறேனென்று நினைத்து டாக்டரம்மா என் நெற்றியைத் தடவினார்.

பின்னேரம் ஆட்களைப் பார்க்க விடும் நேரத்துக்கு அவள் பிளாஸ்க்கோடு வந்தாள். தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். மண்டை இடி தாங்காமல் கட்டியது. கண் சிவந்திருந்தது. அதுவரையிலும் அவள் ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை. பிளாஸ்க்கை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, நர்ஸ் மிஸ்ஸைத் தேடிப் போய், "இப்பக் குடுக்கலாமா மிஸ்? குடிக்கிறது மட்டுந்தான்" என்று கேட்டாள். அவர் சிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். சீனி கலந்த வெறுந்தேத்தண்ணிதான். நான் தலையைத் தூக்கக் கூடாது என்பதால் கரண்டியால் ஊட்டினாள். எனக்கு ஒரு கரண்டி, அவளுக்கு மூடியில் ஒரு மிடறு.

"சீனி கூட" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"அடுத்த வாட்டி கொறச்சிர்றேன்."

"அடுத்த வாட்டின்னு சொல்லாத. இன்னொரு காலு இருக்கு எனக்கு."

பக்கத்துக் கட்டில் அம்மா முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சித்திரைக்கு நாலு நாள் இருக்கும்போது நான் மடுவத்துப் படி ஏறினேன். மெதுவாகத்தான், ஆனால் முழுப் பாதத்தையும் ஊன்றி. உத்தியோகத்தர் மேலே நின்று பார்த்தார், பார்த்துவிட்டு மடுவத்துக் கதவை எனக்குத் திறந்துவிட்டுப் போனார். நொண்டி நடை பழகிய அந்தப் பெண் குழந்தை நான் இல்லாத நாட்களில் தானாகவே நேராக நடக்கத் தொடங்கியிருந்தது. ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டது.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. போன வருஷம் நாத்தனாரின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. "நான் என்ன மதினி புள்ளமடுவமா நடத்தப்போறேன், ஒண்ணே ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனாள். அவளுடைய காம்பராவில் இப்போது வேறு குடும்பம். நல்லவர்கள்தான். விடியற்காலையில் சுவர் சும்மாதான் இருக்கிறது.

தினமும் விடியற்காலையில் அவள் எனக்குப் போன் எடுப்பாள். காலைப் பற்றியெல்லாம் கேட்கமாட்டாள். "குடிச்சாச்சா மதினி?" என்பாள். "ஓ, எப்பவோ" என்பேன் நான். அது பொய். அவள் கேட்கிற வரைக்கும் நான் குடிப்பதில்லை. தேத்தண்ணியை ஊற்றி, தட்டைப் போட்டு மூடி, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன். சில நாள் அங்கே குழந்தை அழுது அவளுக்குக் கை ஓயாது, பத்து மணி வரைக்கும் போன் வராது. அன்றைக்கு மண்டை இடிக்கும் என்று தெரிந்தே, குடிக்காமல், தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, போனை மடியில் செருகிக்கொண்டு மடுவத்துப் படி ஏறிவிடுவேன்.